இருவருக்கும் ஒரே பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை மதியம். அலுவலகக் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் இரண்டு பேர் என்று மூன்றாம் மாடித் திரை காட்டியது. அவன் ஒருவன்தான் வந்திருந்தான்.

வெளிவாசல் காவலாளிக்குப் போன் செய்தான். “உள்ள வேற யாராவது இருக்காங்களா அண்ணே?”

“நீங்க ஒருத்தர்தான் சார்.”

கதவுகளில் அட்டையைக் காட்டுகிறவர்களின் பெயரை அர்ரே என்னும் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும் பெர்ல் மாட்யூல் என்ற நிரல்துண்டு அவன் மனைவி எழுதியது. அதைத் திரையில் காட்டும் ஸ்கிரிப்ட் அவனுடையது. “தனியா நகல் எடுக்காதீங்க, என் அர்ரேயையே எடுத்துக்கோங்க. நீங்க அங்க ஒரு வரி சேர்த்தா எனக்கு இங்க தெரியும்,” என்று பக்கத்து நாற்காலியில் இருந்து சொல்லிக்கொடுத்தவள் செத்து நான்கு மாதம் ஆகிறது. அவள் மேசையைக் காலி செய்யத்தான் இன்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தான்.

பட்டியலைத் திறந்தான். அவன் பெயர். அதன் கீழே அவள் பெயர். கீழ்த்தளக் கதவு.

ஏசியின் உறுமலுக்கு அடியில், எங்கோ கீழே ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் ஓசை கேட்டது. அதன் பின்னாலேயே, கடைசி வாரம் முழுக்க அவள் ஆஸ்பத்திரித் தலையணையில் ஊறியிருந்த மருந்து வாடை படிக்கட்டு வழியே ஏறி வந்தது. முதல் மாடிக் கதவு என்றது திரை. பிறகு இரண்டாம் மாடி.

ஆசை விடவில்லை. அர்ரேயில் ஒரு வரி சேர்த்தான்: ‘நீயா?’

காலடிகள் மட்டும். செருப்பை லேசாக இழுத்து நடக்கும் அவள் நடை. அறைக் கதவுக்கு வெளியே நின்றது.

“என்னங்க,” என்றது அவள் குரல். “இந்தக் கதவு மட்டும் கார்டை எடுக்க மாட்டேங்குது. திறங்களேன்.”

ஓடினான். கண்ணீரில் தாழ்ப்பாள் தெரியவில்லை. தடவித் திருப்பினான். “வாம்மா... வந்துட்டியா...”

பின்னால் திரை மின்னியது. திரும்பிப் பார்த்தான். அவன் சேர்க்காத வரி. அவள் எழுதிய மாட்யூல் பக்கமிருந்து வந்த வரி.

‘திறக்காதீங்க. அது நான் இல்ல.’

கதவு உள்ளே நகர்ந்தது. அதன் விளிம்பைப் பற்றின விரல்கள். மெலிந்த, அவளுடைய விரல்கள். ஒரே கையின் விரல்கள், ஒவ்வொன்றாக.

மூன்று. ஐந்து. ஆறு.

ஏழு.