பிறெடியின் முறை

பிறெடி செத்த முப்பத்தோராம் நாள் நினைவுக்கு நான் பிந்தித்தான் போனேன். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை முடிந்து, வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவன் வீட்டில் சாப்பாடு. நாலாம் மாடி. லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. மூச்சுவாங்க ஏறியபோது சொந்தக்காரர் எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிப் போய்விட்டார்கள். பிறெடியின் மனைவி ஆரணியும் எங்கள் நண்பன் பௌஸியும் மட்டும் மேசையில் இருந்தார்கள்.

மேசையைப் பார்த்ததும் எனக்குப் பசி போய்விட்டது.

அவன் செத்த அன்று விட்ட சீட்டுகள் அப்படியே கிடந்தன. ஞாயிறுதோறும் நாங்கள் நாலு பேரும் விளையாடும் கதைச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படம். படத்தைப் போட்டுக் கதையை ஒரு படி நகர்த்த வேண்டும். ‘முடிவு’ என்று ஒரே ஒரு சீட்டு உண்டு. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கதையை முடிக்கலாம். பிறெடி சேர்ந்தால் எந்த ராஜாவும் கடைசியில் கொத்துரொட்டிக் கடையில் கோப்பை கழுவுவான். சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

அன்றைக்கு நடு ஆட்டத்தில் கடித்துக்கொள்ள ரோல்ஸ் வாங்கவென்று எழும்பிப் போனான். ஒழுங்கை முனையில், காலி நகருக்குப் போகும் பெருவீதியில் பஸ் அடித்துச் செத்துப்போனான். எழும்பிப் போனவரின் சீட்டை அவர் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். முப்பத்தொரு நாளும் ஆரணி அதை மீறவில்லை, பைத்தியக்காரி.

“யோகா அண்ணா, அவர்ர கதையை முடிச்சு வைப்பம். இருங்கோ,” என்றாள்.

முடிவுச் சீட்டு என் கையில்தான் இருந்தது.

பௌஸி ஒரு மரத்தைப் போட்டான். ஆரணி ஒரு குடையைப் போட்டாள். அடுத்தது பிறெடியின் முறை. வெறும் கதிரைதானே என்று அவன் முறையை விட்டு என் சீட்டை எடுக்கப் போனேன். நல்ல வெயில் நேரம். கீழே கடற்கரை ரயில் இரைந்துகொண்டு போனது. சத்தம் அடங்கியபோது வெயிலில் சுட்ட றோட்டுத் தாரின் மணம் அறைக்குள் வந்தது.

பிறெடியின் கதிரைக்கு முன்னால் ஒரு சீட்டு படம் மேலே தெரியக் கிடந்தது.

கதவு.

“நான் போடல்ல மச்சான்,” என்றான் பௌஸி.

அடுத்த சுற்றில் பாதை.

அதற்கடுத்த சுற்றில் படகு.

யாருடைய கையும் அந்தக் கதிரைப் பக்கம் போகவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. என் நண்பன் போக வழி கேட்கிறான். முடிவு என் கையில் இருப்பதால் என்னிடம் கேட்கிறான். சீட்டைத் தூக்கினேன். ஆரணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“போடாதேங்கோ அண்ணா. முடிச்சா அவர் போயிடுவார்.”

“அவன் போகத்தானே வேணும், ஆரணி.”

“இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவள் அழுத அழுகையில் கல்லும் கரைந்திருக்கும். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினேன். அவளுக்காக இரங்கினேன் என்று பிறகு பௌஸியிடம் சொன்னேன். பொய். எனக்கும் அவனை விட மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். பௌஸி வரமாட்டேன் என்றுவிட்டான். ஆரணி கதவைத் திறக்கவில்லை.

“இப்ப ஏலாது அண்ணா. நாங்கள் விளையாடிக்கொண்டு இருக்கிறம்.”

அவள் குரலில் பழைய சந்தோஷம் இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. தட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் முடிவுச் சீட்டைக் கதவின் அடியால் உள்ளே தள்ளி, “இதை நீங்களே போடுங்கோ, அவனை விடுங்கோ,” என்றேன்.

அது கிழிபடும் சத்தம் கேட்டது. துண்டு துண்டாக, ஆறுதலாக, அவசரமில்லாமல்.

பிறகு அவளுடைய காலடிகள் மேசைப் பக்கம் போயின. அங்கிருந்து அவள் சிரித்தாள்.

நான் நெற்றியைக் கதவில் வைத்தபடி நின்றேன்.

மறுபக்கத்தில், பலகையோடு ஒட்டினாற்போல, பிறெடியின் குரல் வந்தது.

“மச்சான், களைக்குதடா. என்னை விடச் சொல்லி அவளிட்டச் சொல்லு.”