காலில் கேட்ட பாட்டு

பாலகுரு வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கத்து மூடி கிடையாது. உள்ளே விசிறி சுற்றுவது வெளியிலிருந்தே தெரியும். திருத்தங்கலில் அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் புதுசு வாங்கியதால், பழையதை முதலாளி அவர் தலையில் கட்டிவிட்டார். வருடக்கணக்காகச் சாமிப் படக் காலண்டர் அடித்த கம்ப்யூட்டர் அது. சுவிட்சைப் போட்டால் முதலில் மயிலோடு முருகன்தான் வந்து நிற்பார்.

"சாமியே வந்துட்டாரு, இனி பாட்டும் வந்துரும்" என்றார் பாலகுரு.

அவர் மகள் எழில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வயரைப் பிடிப்பது, திருப்புளியைத் தேடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை.

இந்த ஏற்பாடு எல்லாம் அம்மாவுக்காக. அம்மா முருகம்மாள் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். 2009-ஆம் வருடம், தீபாவளி சீசன் நேரம். காலையில் இருட்டோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினால், பொழுது சாயும்போதுதான் வருவாள். தீப்பொறிக்குப் பயந்து வேலை செய்யும் அறையில் கரண்டே கிடையாது. அப்புறம் எங்கே பாட்டு?

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவள் டீக்கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். கடையில் ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதியிலேயே கடைக்காரர் செய்திக்கு மாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு பாட்டை முழுசாக் கேட்டு எம்புட்டு நாளாச்சு" என்றாள்.

பாலகுரு அதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

மறுவாரமே போன் வயரில் இன்டர்நெட் வந்தது. பச்சை விளக்கு மினுக்கும் மோடம் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு வயர் போனது. அங்கிருந்து அடுப்படிப் பரணில் இருந்த சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு வயர், முன்அறையில் தரையில் வைத்த, தாளத்தை அதிரவைக்கும் பெரிய ஊஃபர் பெட்டிக்கு ஒரு வயர். இன்டர்நெட் ரேடியோவில் இரவும் பகலும் பாட்டுத்தான். எங்கேயோ ஒரு ஊரில் போடுகிற பாட்டு போன் வயர் வழியாக நம் வீட்டுக்கு வருகிறது என்று அப்பா விளக்கினார்.

"பில்லும் அதே வயர்லதான வரும்?" என்று கேட்டாள் அம்மா.

இடையிடையே பாட்டு நின்றுவிடும். திரையில் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றும். அப்பா அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். அது பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிவிட்டு, மறுபடி பாட்டைத் தரும். அதெல்லாம் பெரிய குறை இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் எழிலுக்குப் புரியவில்லை. பாட்டு வந்தும் அம்மா பாட்டைக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஊஃபர்தான் உயிர். ஐந்து மணிக்கு வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும் அதன் திருகைக் கடைசிவரை திருகிவிடுவார். 'தும்… தும்…' என்று தாளம் விழும். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். அவர் முகத்தில் அன்றைய அலுப்பு கொஞ்சம் இறங்கும்.

அம்மா வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு 'தும்'முக்கும் அவள் கை ஒரு நொடி நிற்கும். வெங்காயம் அரிந்தால் கத்தி நிற்கும். சோறு வடித்தால் பானை நிற்கும். கண் பின்வாசலுக்குப் போய்த் திரும்பும். படுக்கும்போது, பகலில் பார்த்ததைவிட இன்னும் களைத்துத் தெரிந்தாள்.

எழில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள், பாட்டு பிடிக்கவில்லையா என்று.

"நல்லாத்தான் இருக்கு. உங்கப்பாட்ட ஒண்ணும் சொல்லிராத. பாவம், எம்புட்டு ஆசையாப் பண்ணிருக்காக" என்றாள் அம்மா.

அப்படியென்றால் ஏதோ இருக்கிறது என்று எழிலுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அப்பா குளிக்கப் போன நேரம் ஊஃபர் திருகைப் பாதியாகக் குறைத்து வைத்தாள். அவர் வந்து பார்த்தார். திரும்பவும் ஏற்றினார். அதற்கடுத்த நாளும் அதே கதை. மூன்றாவது முறை, திருகு தானாகவே கழன்று இறங்குகிறது என்று முடிவு செய்து, கடைசி அளவில் வைத்து அதன்மேல் செலோ டேப்பை ஒட்டிவிட்டார். அச்சக வேலை பார்க்கிற ஆள் இல்லையா, சுருக்கமே இல்லாமல் அழகாக ஒட்டியிருந்தார்.

இரண்டு நாள் போயிற்று. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே அப்பா எழிலிடம் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

"உங்கம்மா உக்காந்து ஒரு பாட்டாவது கேப்பான்னு பாத்தேன். எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கா. எனக்கும் ஓய்ஞ்சுபோச்சு தாயி. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துருவோம்."

எழிலுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குப் பாட்டு வேண்டும். அப்பாவும் அதைத்தான் கொடுக்கிறார். நடுவில் எதுவோ தடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது என்னவென்று தெரியாவிட்டால், இந்த வீட்டில் இனி பாட்டே கிடையாது.

அன்று மூன்றாவது பாடவேளை. ஆரோக்கியம் டீச்சர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

'தும்.'

டீச்சரின் சாக்பீஸ் பலகையில் அப்படியே நின்றது. எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். இன்னொன்று கேட்கிறதா என்று காத்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. புது வெடியைச் சோதித்துப் பார்த்தால் 'டப்' என்று காதில் கேட்கும். அதற்கு யாரும் திரும்பமாட்டார்கள். கம்பெனியில் ஏதாவது ஆகிவிட்டால் சத்தம் முதலில் காலுக்குத்தான் வரும். தரை வழியாக வரும்.

கொஞ்ச நேரத்தில் பள்ளி வாட்ச்மேன் வந்து சொன்னார். பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் லாரி கல் லோடு இறக்கியதாம். டீச்சர் மூச்சை விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தார்.

எழில் மட்டும் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்படியில் வெறுங்காலோடு நிற்கும் அம்மா அவள் கண்முன்னே வந்தாள்.

அன்று மாலை அப்பா வந்து ஊஃபரைப் போட்டதும் எழில் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு விளையாட்டு இருக்கிறது, தெருவுக்கு வரவேண்டும், செருப்புப் போடக்கூடாது என்றாள்.

"உடம்பெல்லாம் வலிக்குடி. இப்பப் போயி விளையாட்டா?"

"ஒரே ஒரு பாட்டுக்கு வாங்கப்பா. வெளிய நின்னு, என்ன பாட்டு ஓடுதுன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் தெருக்குழாய் ஓரமாக நின்றார்கள். அப்பா காதைத் தீட்டினார். பாடுகிறவர் குரல் இல்லை. புல்லாங்குழல் இல்லை. ஒன்றும் கேட்கவில்லை.

'தும்.' கொஞ்சம் இடைவெளி. 'தும்… தும்.'

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பொன்னுத்தங்கம் அத்தை கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, கம்பெனிகள் இருக்கும் திசையில் கூரைகளுக்கு மேலே பார்த்தாள். அவள் புருஷன் பெத்தணன் மாமாவுக்கு அங்கே வெடிமருந்து கலக்கிற வேலை. புகை ஒன்றும் இல்லை. இவர்கள் நிற்பதைக் கவனிக்காமலேயே உள்ளே போய்விட்டாள்.

"இவ எதுக்கு வந்துட்டுப் போறா?" என்றார் அப்பா.

"தினமும் வருவாகப்பா. நம்ம பாட்டு ஓடுறவரைக்கும் வந்து வந்து பாப்பாக."

அப்பா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த 'தும்' விழுந்தது. அது மண் வழியாக அவர் வெறுங்காலில் ஏறியது. அவர் தலை தானாகவே அந்தத் திசைக்குத் திரும்பியது.

"உங்கம்மா பஸ் வந்துருச்சா?" என்று கேட்டார். கேட்டபிறகுதான், தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது.

அது தன் வீட்டு ஊஃபர். தானே டேப் ஒட்டி வைத்த சத்தம்.

குழாய்த் திண்டில் மெல்ல உட்கார்ந்தார். உள்ளே பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"நாள் பூராம் அதுக்குப் பயந்துக்கிட்டே வேலை பாத்துட்டு வாரா. வீட்டுலயும் அதையே போட்டுருக்கேன்" என்றார்.

"பாட்டு நல்ல பாட்டுத்தான்ப்பா. தரைக்கு வராமப் பாத்தாப் போதும்."

அம்மாவின் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அலுப்போடு அலுப்பாக அப்பா எழுந்தார். முதலில் டேப்பைக் கிழித்தார். ஊஃபரையே கழற்றி வீசப்போகிறேன் என்றார். எழில் விடவில்லை. ஊஃபரை நிறுத்திக் கேட்டுப் பார்த்தால், பாடுகிறவர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது.

பரணிலிருந்து இரண்டு சாக்கை எடுத்து நான்காக மடித்தார்கள். ஸ்டூல்மேல் சாக்கைப் போட்டு, அதன்மேல் ஊஃபரைத் தூக்கி வைத்தார்கள். சுவரை ஒட்டி இருந்ததை முன்னால் இழுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் சத்தத்தைப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் கோடுகள் வரிசையாக இருந்தன. இடது ஓரத்தில் இருப்பது 'தும்' என்ற அடித்தொண்டைச் சத்தத்துக்கு என்று அப்பா காட்டினார்.

எழில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அடுப்படியில் அம்மா நிற்கும் இடத்தில் வைத்தாள். தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை நடுங்கியது.

"இப்ப?" என்று முன்அறையிலிருந்து அப்பா கேட்டார்.

"இன்னும் ஆடுது."

"இப்ப?"

"கொஞ்சம்போல. இன்னும் இறக்குங்க."

ஒருமுறை அதிகமாக இறக்கிவிட, பாட்டு மறுபடி டப்பாவுக்குள் போய்விட்டது. மறுபடி ஒரு நூல் ஏற்றினார். பிறகு எழில் தெருவுக்கு ஓடி வெறுங்காலோடு நின்று பார்த்தாள். காலுக்கு ஒன்றும் வரவில்லை. உள்ளே வந்து பார்த்தால், தட்டுத் தண்ணீரில் பரணின் நிழல் அசையாமல் கிடந்தது. பாட்டு மட்டும் அறை முழுக்க இருந்தது.

கம்பெனி பஸ் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள்.

"அரிசிச் சாக்கை எவ எடுத்தது?" என்றாள்.

அப்பா எழிலைப் பார்த்தார். எழில் அப்பாவைப் பார்த்தாள். அம்மா அதற்குமேல் கேட்கத் தெம்பில்லாமல் அடுப்படிக்குப் போனாள்.

வெங்காயம் அரியும் சத்தம் கேட்டது. எழில் கவனித்துக்கொண்டே இருந்தாள். கத்தி நிற்கவில்லை. ஒரு பாட்டு முடிந்தது. கத்தி நிற்கவில்லை.

பின்வாசலில் பொன்னுத்தங்கம் அத்தையின் தலை தெரிந்தது. "என்ன முருகம்மா, இன்னைக்கு உங்க வீட்டுல சத்தத்தையே காணோம்? கரண்டு இல்லையா?"

"பாட்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மதினி. வாங்க, உக்காருங்க" என்றாள் அம்மா.

அத்தை வந்து உட்கார்ந்தாள். அம்மாவும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பரணுக்குக் கீழே சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அன்று டீக்கடையில் பாதியில் நின்றதைப்போல ஒரு பழைய பாட்டு வந்தது.

இரண்டாவது வரியில் பாட்டு நின்றுவிட்டது. திரையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். எழில் அவர் கையை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள்.

அடுப்படியிலிருந்து அந்த வரி வந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றதுகூடத் தெரியாமல், களைத்த குரலில், அம்மா அதைப் பாடிக்கொண்டிருந்தாள். சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பாவும் எழிலும், அது இன்னும் கொஞ்ச நேரம் சுற்றட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.