ஒரே தொடக்கம்

“பணி நிறைவுக்கு இன்னும் ஒரு தொடக்கம் மட்டுமே உள்ளது. நன்றி” என்றது இரும்பை அறுக்கும் சுடர்வெட்டி, கல்யாண வரவேற்புப் பலகை பேசுகிற பவ்வியத்தில்.

கித்தேரி அதன் நுனியில் சுடர் வரும் செம்பு நாசிலைக் கழற்றிப் பார்த்தாள். துளை இன்னும் வட்டமாகவே இருந்தது. ஆனால் அதற்குள் புதைத்திருக்கும் ஆயுள்மணி என்ற சில்லு துளையைப் பார்ப்பதில்லை. எத்தனை முறை சுடரைப் பற்றவைத்தார்கள் என்று எண்ணும். இருநூறு ஆனதும் பூட்டிக்கொள்ளும். தகட்டின் நடுவில் முட்டிப் பற்றவைத்து நாசிலைப் பாழாக்குகிறவனுக்கும் இருநூறுதான், ஓரத்திலிருந்து பதமாகத் தொடங்கும் கித்தேரிக்கும் இருநூறுதான். தேய்ந்த நாசில் வெடிக்காமல் காக்கும் கண்டுபிடிப்பு என்று இதற்கு விருது வேறு கொடுத்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கப்பல் உடைக்கும் அந்தத் தளத்தில் நல்ல செம்பு வாளி வாளியாகக் குப்பைக்குப் போனது.

நாசிலைத் திரும்ப மாட்டும்போது கப்பலுக்குள் ஏதோ விழுந்து அதிர்ந்தது. மேற்பார்வையாளர் பால்துரை ஓடி வந்தார்.

“சூசை உள்ள மாட்டிக்கிட்டான். தண்ணித் தொட்டி வாயில உத்தரம் விழுந்து அடைச்சிருச்சு. காத்துக்குழாயும் நசுங்கிட்டு.”

துருப்பிடித்த தொட்டிக்குள் துருவே உயிர்வளியைத் தின்றுவிடும். குழாய் இல்லாமல் பத்து நிமிடம் தாங்குவதே பெரிது.

“புது நாசில் குடுங்க.”

“இது முடிஞ்சாத்தான் கிடங்கு அடுத்ததைத் தரும். அனுமதி வர நாப்பது நிமிசம் ஆகும். மத்த ரெண்டு வெட்டியும் பூட்டிக்கிட்டு அதுக்குத்தான் நிக்கி.”

“பூட்டை எடுத்துவிடச் சொல்லுங்க.”

“சொன்னேன். கோரிக்கை பதிவாயிட்டுன்னு பதில் வந்திருக்கு.”

கித்தேரி காறித் துப்பினாள். பிறகு வெட்டியோடு கப்பலுக்குள் ஓடிப் போய்த் தொட்டியின் பக்கத்தகட்டைத் தட்டினாள். உள்ளேயிருந்து பதில் தட்டல் மெதுவாக வந்தது.

“சூசை, அந்தப் பக்கமா ஒதுங்கிக்க. நான் வெட்டப் போறேன்.”

ஓரம் கிடையாது, நடுத்தகட்டைத்தான் துளைக்க வேண்டும். உருகிய இரும்பு நாசில்மேல் திரும்பித் தெறிக்காதபடி வெட்டியைச் சாய்த்துப் பற்றவைத்தாள். பொறி ஒருபக்கமாகப் பறந்தது. தகடு துளைபட்டதும் மெல்ல நிமிர்த்தினாள். இனி சுடர் அணையக் கூடாது. கை ஒருமுறை தகட்டைவிட்டு விலகினால், துரு ஒருமுறை தடுத்தால், சூசைக்குத்தான் பணி நிறைவு.

ஆள் நுழையும் அளவுச் சதுரத்தில் ஒரு பக்கம் முடிந்தது. உட்புறத்தில் தாங்குசட்டம் ஒட்டித் தகடு தடித்திருந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தாள். சூட்டில் விரல்முட்டி எரிந்தது. நாலாவது பக்கத்தில் சுடர் சாய்ந்து ஓடத் தொடங்கியது. நாசிலின் துளை இப்போதுதான் நிஜமாகவே கோணிக்கொண்டிருந்தது. சுடரில் பச்சை தெரிந்தது. செம்பு எரிகிறது என்று அர்த்தம். அவள் சாய்வுக்கு ஏற்றபடி மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டே போய்த் தொடங்கிய துளையைத் தொட்டாள். தகடு உள்ளே விழுந்தது.

சூசையை இழுத்துப் போட்டார்கள். நீலம் பாரித்த உதட்டோடு மூச்சு வாங்கினான். கித்தேரி வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

“பணி நிறைவு. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி” என்றது அது.

மறுவாரம் நாசில் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்து அவளுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெட்டியின் பதிவை ஆராய்ந்தோம், ஒரே தொடக்கத்தில் இரண்டரை மீட்டர் வெட்டியிருக்கிறீர்கள், உலகத்துக்கே பாடம் என்றார்கள். பூட்டைப் பற்றிக் கேட்டாள். நிச்சயம் பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

அடுத்த மாதம் புது நாசில் பெட்டிகள் வந்தன. மேலே சால்வையோடு கித்தேரி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ‘கித்தேரி முறை. திறமைசாலிக்கு ஐம்பது தொடக்கம் போதும்.’

இருநூறு ஐம்பதாகியிருந்தது, எல்லோருக்கும். பெட்டியை வாங்கிப் போனவர்கள் யாரும் அவளிடம் பேசவில்லை. தன் முகத்தைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அச்சு நன்றாகப் பிடித்திருந்தது.

அன்றைக்குத் தொட்டியில் இறங்கும் முறை சூசையுடையது. புதுக் காற்றுக்குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு அவளருகே நின்றான்.

“அக்கா, அன்னிக்கு நான் உள்ளயே செத்திருந்தா இருநூறு இருநூறாவே இருந்திருக்கும்லா?”

கித்தேரி பெட்டியைக் கிழித்து நாசிலை மாட்டினாள்.

“பாத்து இறங்கு” என்றாள்.