சொந்த எண்ணுக்குப் போன ரிங்

தன் வீட்டு லைனிலிருந்தே தன் வீட்டு எண்ணை அழைத்தால் எங்கேஜ் ஒலிதான் வரவேண்டும். ஆனால் நகுலனின் மேசையில், தொலைபேசி லைன் வழியே இன்டர்நெட் பிடிக்கும் மோடத்தின் சின்ன ஸ்பீக்கரில் ரிங் போய்க்கொண்டிருந்தது.

தப்பு அவருடையதுதான். முப்பது வருடம் அலுவலகத்தில் படிவம் நிரப்பிப் பழகிய கை. படிவத்தில் தொலைபேசி எண் என்றிருந்தால் நம்முடையதைத்தானே போடுவோம்? கம்ப்யூட்டரின் லினக்ஸ் செட்டிங் கோப்பிலும் அப்படியே போட்டுவிட்டார். போட வேண்டியது இன்டர்நெட்காரர்களின் எண். அது அவருக்குப் புரியாததால் மத்தியானத்திலிருந்து மோடம் சொந்த வீட்டையே அழைத்து, எங்கேஜ் கேட்டு, மறுபடி அழைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த ஆபீஸ் நண்பர் தர்மேந்திரன், "மூணே வரிதான் நகுலன், ஈசிலா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகள் உஷாந்தி இரண்டு வருடம் கழித்து நேற்றுதான் சிங்கப்பூரிலிருந்து பேசினாள். "ஈமெயில் போட்டிருக்கிறன். நாளைக்குள்ள பதில் வராட்டி எனக்கு அப்பாவும் இல்லை." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அம்மா இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்று அவள் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனில் நெஞ்சுவலியோடு பொதுத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மனைவி கஜலட்சுமி வீட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தபோது, இவர் இன்டர்நெட்டில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். நாசமாய்ப் போன செஸ். லைன் ஒன்றரை மணி நேரம் எங்கேஜ்.

தஞ்சோங் கிளிங் கடல் பக்கமிருந்து வந்த மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, காயாத துணியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை அறையில் கூடிக்கொண்டே வர, கூடத்துத் தொலைபேசி மட்டும் மணியடிக்காமல் கிடந்தது.

அப்படியென்றால் ரிங் எங்கே போகிறது?

யாரோ எடுத்தார்கள்.

ஸ்பீக்கரில் ரயில் நகரும் ஓசை. மூச்சு. இழுத்து இழுத்து.

"இஞ்சேருங்கோ. இப்பத்தான் லைன் கிடைச்சது."

கஜலட்சுமி.

பிளக்கைப் பிடுங்கினார். மோடத்தின் விளக்குகள் அணைந்தன. மூச்சு நிற்கவில்லை.

"வைச்சுப்போடாதேங்கோ." குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "பிள்ளையும் இஞ்ச என்னோட நிக்கிறாள். மத்தியானம் முழுக்க உங்களுக்கு அடிச்சவளாம். எங்கேஜாம்."

அவர் சுவரிலிருந்து தொலைபேசி வயரையும் பிடுங்கினார்.

செத்த ஸ்பீக்கரில் இன்னொரு மூச்சு. இளசு. கிட்டே.

"அப்பா."