வெள்ளிக்கிழமை மாயமான நாற்பத்தொரு மாப்பிள்ளைகள்

வெள்ளிக்கிழமை. காலை பத்து நாற்பத்திரண்டு.

வெள்ளவத்தை, காலி வீதி. புடைவைக் கடைக்கு மேல்மாடியிலிருந்து அந்த அலறல் கேட்டது!

"ஐயோ... என்ர நாப்பத்தொரு மாப்பிள்ளையளும் போயிட்டாங்களே!"

அலறியவர் நேசமலர். 'மலர்மாலை திருமண சேவை'யின் உரிமையாளர். வயது ஐம்பத்தெட்டு. குரலுக்கு மட்டும் இருபது.

அவர் முன்னால் கணினித் திரை. அதில் ஒரே ஒரு வரி.

பதிவுகள்: 0.

மாப்பிள்ளைகளின் சாதகங்களை ஏற்றிவைத்த டேட்டாபேஸ் தொடங்கி மூன்று வாரம். இது மூன்றாவது வெள்ளி. மூன்றாவது படுகொலை!

"ஒருத்தரும் அசையக் கூடாது!"

உறுமியவர் பிறெடி. கொட்டாஞ்சேனைக்காரர். டேட்டாபேஸ் செத்தால் கொன்றது யார் என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். இந்த வெள்ளியும் கொலை விழும் என்று எதிர்பார்த்து, ஒன்பது மணியிலிருந்து வாசலை மறித்துக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பாதி தின்ற மீன் பணிஸ்.

மூன்றாவது ஆள் கஜீவன். இந்த அலுவலகத்தின் கணினிக்காரன். சந்தேக நபரும் அவன்தான். பத்து மணியிலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றான்.

"கையை இறக்கட்டே அண்ணை? விறைச்சுப் போச்சு..."

"இறக்காத!"

"தம்பி பிறெடி, இவன்தான் கள்ளன்!" நேசமலர் பஞ்சாங்கத்தால் சுட்டிக் காட்டினார். "பம்பலப்பிட்டியில இருக்கிற இன்னொரு கலியாணக்காரருக்கு என்ர மாப்பிள்ளையளை வித்திட்டான்!"

"சத்தியமா இல்லை அன்ரி! ஒவ்வொரு கிழமையும் நாப்பத்தொரு சாதகத்தையும் திரும்ப ரைப் பண்ணினதே நான்தானே!"

"நடிக்காதை! பன்னிரண்டு மணி வரைக்கும் பாப்பன். உண்மை வராட்டி உனக்கு வேலையும் இல்லை... மிதுனாவும் இல்லை!"

மிதுனாவைக் கஜீவனுக்குப் பேசி முடித்ததே நேசமலர்தான். வருகிற ஆவணியில் கல்யாணம். சேர்த்து வைத்த அதே வாய் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், பெண் வீட்டார் பின்வாங்கி விடுவார்கள்.

பிறெடி தாடையைச் சொறிந்தார்.

"வெளிய இருந்து ஒருத்தரும் வரல்ல. இவன் கை மேல. உங்க கையில பஞ்சாங்கம். ஆனா கண்ணு முன்னாடியே கொலை விழுந்திருக்கு! மச்சான், சாதகமெல்லாம் எங்க இருந்திச்சு?"

"கிளவுட்டில அண்ணை. வாடகைக்கு எடுத்த டேட்டாபேஸ். எல்லாத்தையும் மெமரியிலயே வைச்சிருக்கும். பொருத்தம் கேட்டா கண் மூடித் திறக்கமுன்னம் பதில் வரும்!"

"அந்த மெஷின் ஒருக்கா நிண்டு திரும்ப எழும்பினா?"

"அழிச்ச சிலேட்டுத்தான்..."

"டிஸ்க்ல ஒரு கொப்பி விழாதா?"

"விழும். துவங்கேக்க நிரப்புற படிவத்தில அதுக்கொரு கட்டம் இருக்கு, அதில சரி போட்டிருந்தா."

"போட்டியா?"



"இ... இல்லை."

"பாத்தீங்களோ! முழிக்கிறான்!" நேசமலர் துள்ளினார்.

"பொறுங்க அக்கா. உங்க லொகின்ல உள்ள போங்க. அதுலதான் எல்லா விபரமும் தெரியும்."

நேசமலர் ஒற்றை விரலால் கடவுச்சொல்லைக் குத்தினார். பிறெடி திரைக்குக் குனிந்தார். படித்தார்...

பணிஸ் கையிலிருந்து விழுந்தது!

"அக்கா... மெஷினை இன்னைக்குப் பத்து நாப்பதுக்கு நிப்பாட்டியிருக்காங்க. போன வெள்ளியும். அதுக்கு முந்தின வெள்ளியும். நிப்பாட்டினது கிளவுட் கொம்பனி. திருத்த வேலை."

"நாசமாப் போவாங்கள்! ஆரைக் கேட்டு நிப்பாட்டினவங்கள்?"

"உங்களைக் கேட்டுத்தான்!"

"என்ன?!"

"கிழமைக்கு ஒருக்கா திருத்த வேலைக்கு எந்த நேரம் வசதின்னு, நீங்க முதல் நாள் உள்ள போனதும் கேட்டிருக்காங்க. நீங்க குடுத்த பதில்... வெள்ளி, பத்தரையில இருந்து பன்னிரண்டு."

நேசமலர் பஞ்சாங்கத்தைப் பின்னால் ஒளித்தார்.

"அது... அது ராகுகாலமெல்லே! அந்த நேரம் ஒரு சனமும் பொருத்தம் பாக்க வராது. அதாலதான் போட்டனான்..."

"நிப்பாட்டப் போறோம்னு மூணு தரம் ஈமெயிலும் வந்திருக்கு. திறக்கவே இல்ல!"

"புடைவை விளம்பரமாக்கும் எண்டு விட்டிட்டன்..."

கஜீவனின் கை இறங்கியது. குரல் ஏறியது!

"அன்ரி, நான் ஏன் அந்தச் சரி போடேல்லை எண்டு தெரியுமே? டேட்டாபேஸ் துவங்கச் சுபநேரம் ஒன்பது ஆறிலயிருந்து ஒன்பது பதினொண்டு எண்டு குறிச்சுத் தந்தது நீங்கள்! படிவம் மூண்டு பக்கம்! கடைசிப் பக்கத்தில அந்தக் கட்டத்துக்கு நான் போகமுன்னம், 'நேரம் போகுது, நேரம் போகுது' எண்டு மவுசைப் பறிச்சு..."

"நான்தான் அமத்தினனான்," என்றார் நேசமலர் ஈனக்குரலில்.

மூன்று படுகொலைகள். ஒரே கொலையாளி. முறைப்பாடு செய்தவரும் அவரேதான்!

நேசமலருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி கஜீவன்... வீண் பழி போட்டிட்டன். மிதுனா வீட்டுக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை மோனை. குறை நினையாதை."

கஜீவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பரவாயில்லை அன்ரி. சாதகங்களைப் பின்னேரத்துக்குள்ள திரும்ப ரைப் பண்ணித் தாறன். முதல் அந்தச் சரியைப் போட்டு, திருத்த நேரத்தையும் மாத்திவிடுறன். ஒரு நிமிச வேலை!"

அவன் மவுசைத் தொடப் போனான்.

"தொடாதை!!"

இந்த அலறலைக் கேட்டு, கீழே புடைவைக் கடைக்காரரே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப மணி பதினொண்டு பத்து! ராகுகாலம் முடியமுன்னம் ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது!"

பிறெடி குனிந்து பணிஸை எடுத்தார். ஊதினார். வாயில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அக்கா, ராகுகாலத்திலயும் நேரம் தவறாம வேலை செய்றவன் அந்தக் கிளவுட்காரன் ஒருத்தன்தான்... முதல்ல அவனுக்கு ஒரு நல்ல பொண்ணாப் பாருங்க!"