தண்ணீரின் ஞாபகம்

மொட்டைமாடி ரோஜாத் தொட்டியில் மண் கிளறும் கரண்டி இறங்கவில்லை. மே மாத வெயிலுக்கு மண் காய்ந்து இறுகியிருக்கும் என்றுதான் அமலராணி முதலில் நினைத்தாள். தொட்டுப் பார்த்தால் மண் ஈரமாக, விரல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள். உள்ளே, எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் பொடிப்பொடியாக ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்கு நல்ல பழக்கம். கடலடி மண்ணில் வாயு எப்படிப் பனிக்கட்டிக்குள் அடைபடுகிறது என்பதுதான் கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சி. எஃகு உருளையில் ஈரமணலை அடைத்து, குளிரவைத்து, வாயுவை அழுத்தி ஏற்றுவாள். நாள்கணக்கில் ஒன்றும் நடக்காது. திடீரென்று ஏதோ ஒரு மணல் இடுக்கில் வெள்ளையாக ஒரு பொட்டு தோன்றும். தண்ணீர் கூண்டு கட்டி வாயுவைச் சிறைபிடித்து, இடுக்கு இடுக்காகப் பரவி, மணல் முழுவதையும் கல்லாக்கிவிடும். சூடு பட்டால் அத்தனை வாயுவும் நூறு மடங்குக்கு மேல் விரிந்து, பொரிந்துகொண்டு வெளியேறும். அப்படி உருகிய தண்ணீருக்கு ஞாபகம் உண்டு. மறுமுறை சீக்கிரமே கூண்டு கட்டும்.

அந்தத் தண்ணீரைத்தான் கேனில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். நாகல் நகரில் குழாயில் தண்ணீர் வந்தே இரண்டு வாரமாகிறது. இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெளிந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கை வருமா? மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் ஞாபகம் அழிந்துவிடும் என்று அவள் படித்த படிப்பு சொன்னது. அப்படியே காயவைத்து, செடிக்கு ஊற்றியது போக மிச்சத்தைக் குடிக்கிற குடத்தில் நிரப்பினாள். அவள் கல்லூரியிலேயே குடித்துக்கொள்வாள். லீவில் வீட்டில் இருந்த மகள் ஏஞ்சலின்தான் குடத்துத் தண்ணீரைக் குடித்தாள்.

அமலராணி தொட்டியை உடைத்தாள். வேர் இடுக்கெல்லாம் வெள்ளை. அழுத்தம் கிடையாது, குளிர் கிடையாது, இருந்தும் வளர்ந்திருந்தது. ஈரமும் காற்றும் உள்ள இடுக்கு மட்டும் போதுமா அதற்கு?

கீழே ஏஞ்சலின் இருமினாள்.

அமலராணி இறங்கி ஓடினாள். வெந்துகொண்டிருந்த அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் மகள். மூன்று நாளாகச் சளி என்றுதான் அமலராணி நினைத்திருந்தாள், பாவி. மகளின் முதுகில் காதை வைத்தாள். காது சில்லிட்டது. உள்ளே கடுகு வெடித்தது.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மிக்கேல்ராஜ் சாருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டா சார்?"

"அங்க மொதல்ல சூடுதாம்மா கொடுப்பாங்க. உள்ள இருக்கது அம்புட்டும் ஒரேயடியா விரிஞ்சா..."

"அப்ப ஐஸ் வைக்கவா?"

"வச்சா வளருமேம்மா."

அவர் அழுவது போனில் கேட்டது.

சூடு கூடாது. குளிரும் கூடாது. நுரையீரலில்தான் எத்தனை கோடி இடுக்குகள். எல்லாம் ஈரம். எல்லாம் காற்று.

"அம்மா, குளிருதும்மா."

"செத்த நேரம் பொறு தங்கம். அங்கனயே இரு."

"கட்டிக்கம்மா."

"வேணாம்டா. கிட்ட வராத."

ஏஞ்சலின் இறங்கி வந்தாள். போர்வை தரையில் இழுபட்டது. உதடு வெளுத்திருந்தது. அமலராணி பின்வாங்கினாள். முதுகில் சுவர் இடித்தது.

மாடி வெயிலில் நின்ற அவளுடைய உடம்பு. அனலாகக் கொதித்தது. தள்ளிவிட வேண்டும். இப்போதே. கை எழவில்லை.

குளிர்ந்த முகம் அவள் வயிற்றில் புதைந்தது. அவளையறியாமல் அவள் கை மகளின் முதுகை அணைத்தது.

"இப்ப நல்லா இருக்கும்மா."

சத்தம் கூடியது. உள்ளங்கை பட்ட இடத்தில் முதலில். பிறகு முதுகெங்கும். படபடவென்று.

அமலராணி கையை எடுத்தாள்.

ஏஞ்சலின் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.