ரோஜாவுக்குப் பூசிய மெழுகு

"என் ரோஜாவைத் திருடிட்டாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அதுக்குப் பதிலா இதை வச்சுட்டுப் போயிருக்கான்."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். விடுமுறைக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி எப்போது கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்பவர், மாமியாரிடம் ஒரு வழக்கு வந்திருக்கிறது என்றால் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

அவர் அத்தை என்று கூப்பிடும் அந்த மாமியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். எரிந்துபோன கடைகளையும் கிடங்குகளையும் சுற்றிப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் இந்த வாசலுக்குத்தான் வந்தார்கள்.

"உட்காருங்க. நிதானமா சொல்லுங்க" என்றார் அத்தை.

வந்தவர் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினை விட்டு இறங்கிய நாள் முதல் அவருக்கு எல்லாமே ரோஜாதான். இரண்டு வகைகளைக் கலந்து விதை எடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு புது ரோஜாவை உண்டாக்கியிருந்தார். இதழின் உட்புறம் தந்த நிறம், வெளிப்புறம் தணல் நிறம்.

"விதையில முளைச்ச செடி சவலையா இருந்துச்சு. அது சாகுறதுக்குள்ள அதுலேர்ந்து ஒரு கண், அதான் முளை விடுற கணுவை, பட்டையோட எடுத்து, காட்டு ரோஜா வேர்ல ஒட்டி வச்சேன். உலகத்துலயே அது ஒரே ஒரு செடிதாம்மா. பனிக்காலம் ஆரம்பிச்சப்போ கீழ விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டேன். நானும் என் வீட்டுக்காரியும் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டோம். சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துடலாம்னு நேத்து திரும்பி வந்தா, செடி பூரா இந்தக் காட்டுப் பூ!"

"வேர்லேர்ந்து காட்டுக் கிளை கிளம்பியிருக்கும் இல்லையா?" என்று கேட்டார் அத்தை.

"எனக்குத் தெரியாதா? அப்படிக் கிளம்பினாலும் என் கிளைங்க மேல இருக்கணுமே! ஒண்ணுகூட இல்ல. செடியையே மாத்திட்டான், அந்தப் பல் டாக்டர்."

பல் டாக்டர் அடுத்த வீட்டுக்காரர். அவரும் ரோஜாப் பைத்தியம். இருவரும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். போன வருடப் பூக்கண்காட்சியில், டிரைவரின் புது ரோஜாவைப் பார்த்து, 'அழகு இருக்கு, வாசனை பத்தாது' என்று டாக்டர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

"இன்னிக்குச் சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். ரோஜாச் சங்கத்துலேர்ந்தும் அவனைத் தூக்கச் சொல்லுவேன்."

"சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கொடுங்க" என்றார் அத்தை.

டிரைவர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரோரமாக மஞ்சள், நடுவில் வெள்ளை, வாசல் வளைவில் இளஞ்சிவப்புக் கொடி. ஒவ்வொரு செடியும் கிண்ணம்போல் நடுவில் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு விரிந்திருந்தது. அடியில் மக்கிய இலை மெத்தையாகப் பரப்பியிருந்தது. அத்தை ஒரு பூவுக்கு முன்னால் நின்று, "எவ்வளவு பொறுமை!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

டிரைவர் ஊரில் இல்லாதபோது தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்திருந்த நர்சரிக்காரர் அங்கேயே இருந்தார். அவரும் அந்த ரோஜாவை விலைக்குக் கேட்டவர்தான் என்று டிரைவர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

"செடிங்களை அளவா வெட்டி, நல்லா கவாத்து பண்ணியிருக்கீங்களே" என்றார் அத்தை.

நர்சரிக்காரர் தலையைச் சொறிந்தார். "நான் எங்கம்மா பண்ணேன்? கொஞ்ச நாள்லயே முதுகு பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் எட்டிப் பார்த்தேன், எல்லாம் சுத்தமா இருந்துச்சு. சரி, அய்யா வேற ஆள் வச்சுட்டாரு போலன்னு விட்டுட்டேன்."

"நான் யாரையும் வைக்கலையே!" என்றார் டிரைவர்.

அத்தை காட்டுப் பூ பூத்திருந்த அந்தச் செடியின் அடியில் குந்தினார். டிரைவரால் குனிய முடியாது. ஊன்றுகோலோடு பாதையில் நின்றுதான் பார்த்திருந்தார். அத்தை இலைக்குவியலை விலக்கினார். அடிமரத்தில் பழைய பாசி. பெயர்த் தகடு கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, வழவழப்பான ஒரு வெட்டு. வெட்டின் மேல் இளஞ்சிவப்பு மெழுகு பூசியிருந்தது. புதுக் கிளைகள் அனைத்தும் அதற்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தன.

முட்களுக்கு நடுவே ஒரு கிளையின் அடியில் மெல்லிய பச்சை ரப்பர் நாடா சுற்றியிருந்தது. மாப்பிள்ளை ஆவலோடு கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டார். "தொடாதீங்க மாப்பிள்ளை!"

பிறகு தோட்டத்தின் மூலைக்குப் போனார். அங்கே குப்பைக்குழியில் வெட்டிய கிளைகள் குவிந்திருந்தன. அதை ஒட்டித் தரையில் ஒரு கருகிய வட்டம். சாம்பலைக் கிளறி, பாதி எரிந்த முள்குச்சி ஒன்றை எடுத்துப் பிளந்து பார்த்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். தீயைப் பார்த்தால் மட்டும் அத்தையின் முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

"அத்தை, நான் டாக்டரைப் போய்ப் பார்க்கட்டுமா? பல்வலின்னு சொல்லி உள்ள நுழைஞ்சுடறேன்."

"போங்க. ஆனா அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே வந்து சொல்லணும். உங்க கைச்சரக்கைச் சேர்க்கக் கூடாது."

மதியம் திரும்பி வந்த மாப்பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொய்வலிக்குப் போன இடத்தில் டாக்டர் நிஜமாகவே ஒரு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டார். ஆனால் கண்கள் ஜொலித்தன.

"பிடிச்சுட்டேன் அத்தை! பல்லை அடைக்கிறப்போ எச்சில் படாம இருக்க வாயில ஒரு ரப்பர் ஷீட் மாட்டினார். அதே பச்சை! பக்கத்துல பல்செட் செய்யற மெழுகு அடுக்கி வச்சிருந்தது. அதே இளஞ்சிவப்பு! அவர்தான் திருடன்."

"பேச்சு என்ன நடந்தது?"

"பக்கத்து வீட்டுல ரோஜா திருடு போயிடுச்சாமேன்னேன். கையிலிருந்த கருவி அப்படியே நின்னுடுச்சு. 'அவர் வந்துட்டாரா?'ன்னு கேட்டார். நேத்தேன்னேன். 'செடி போச்சுன்னு ரொம்ப வருத்தப்படறாரு டாக்டர்'னேன். அப்புறம், 'கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க, அது பொழைச்சுக்கும்'னார். அவ்வளவுதான்."

அத்தை கண்களை மூடித் திறந்தார். "மாப்பிள்ளை, திருடு போன பொருளைப் பத்தி யாராவது 'பொழைச்சுக்கும்'னு சொல்லுவாங்களா?"

மாப்பிள்ளைக்கு வாய் மரத்திருந்தது. மூளையும் மரத்துப்போனது போலத்தான் இருந்தது.

சாயங்காலம் டிரைவரின் தோட்டத்தில் எல்லோரும் கூடினார்கள். டிரைவரும் அவர் மனைவியும் ஒரு பக்கம். நர்சரிக்காரர் வளைவின் கீழே. டாக்டர் வாசல் கதவருகில், உள்ளே வரலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு.

"செடியை யாரும் மாத்தல" என்று தொடங்கினார் அத்தை. "பாசி கலையல, கம்பி பட்டைக்குள்ள ஏறியிருக்கு. வேர் உங்க பழைய வேர்தான். ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழ வெட்டி, உங்க ரோஜாவை மட்டும் எடுத்திருக்காங்க."

"பார்த்தீங்களா! நான் சொல்லல?" டிரைவரின் ஊன்றுகோல் டாக்டரை நோக்கி நீண்டது.

"முழுசா கேளுங்க. திருடுறவன் வெட்டுவான், எடுத்துட்டு ஓடுவான். வெட்டின காயத்துக்கு மெழுகு பூச மாட்டான். உங்க மத்த செடிங்களையெல்லாம் கவாத்து பண்ணி, தண்ணி ஊத்தி, மக்கின இலை போட்டுக் காப்பாத்தவும் மாட்டான்." அத்தை கைக்குட்டையைப் பிரித்தார். "மத்த குச்சியெல்லாம் குழியில கிடக்கு. இது மட்டும் ஏன் எரிஞ்சதுன்னு யோசிச்சேன். பிளந்து பாருங்க, மேலேர்ந்து கீழ வரைக்கும் உள்ளே பழுப்பு. நோய். கண்ட இடத்துல போட்டா மத்த செடிக்கும் பரவும்னு தெரிஞ்சவர்தான் எரிச்சிருக்கார்."

டிரைவர் குச்சியை வாங்கிப் பார்த்தார். விரல் நகத்தால் அந்தப் பழுப்பைச் சுரண்டினார்.

"மிச்சத்தை நீங்க சொல்லுங்க டாக்டர்" என்றார் அத்தை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மாடியிலேர்ந்து பார்த்தேன். தோட்டம் காய ஆரம்பிச்சிருந்துச்சு. யாரும் வரல. சுவர் ஏறிக் குதிச்சேன்... இந்த வயசுல. அப்போதான் இதைக் கவனிச்சேன். நுனியிலேர்ந்து கறுத்துக்கிட்டே வந்துச்சு. நாலு நாள் விட்டிருந்தா வேரும் போயிருக்கும். நல்லா இருந்த ஒரு கிளையிலேர்ந்து கண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை எரிச்சுட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" என்றார் நர்சரிக்காரர்.

டிரைவரின் மனைவி பெருமூச்சு விட்டார். "பண்ணினார். இவர்தான் பேரைப் பார்த்துப் பார்த்துக் கட் பண்ணினாரு."

"அதுக்கப்புறம் எனக்கே பயமாயிடுச்சு" என்றார் டாக்டர். "படுத்துக் கிடக்கிற மனுஷன்கிட்ட உங்க ரோஜா சாகுதுன்னு எப்படிச் சொல்றது? பொழைச்ச பிறகு சொல்லிக்கலாம்னு நினைச்சேன். வச்ச கண்ணுல முக்கால்வாசி காஞ்சு போச்சு. வீட்டுத் தொட்டியில ரெண்டு பிடிச்சிருக்கு. அதுலேர்ந்து எடுத்த கண் இங்க ஒண்ணு."

"இங்கயா?" என்று டிரைவர் அதட்டினார்.

"அந்தப் பழைய வேர்லேர்ந்து வந்த காட்டுக் கிளையிலயே திரும்ப ஒட்டி வச்சிருக்கார்" என்றார் அத்தை. "கண் நல்லா பிடிச்ச பிறகுதான் மேல இருக்கிற காட்டுக் கிளையை வெட்டணும். நீங்க ஒரு வாரம் முந்தி வந்துட்டீங்க."

மாப்பிள்ளை டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு திருட்டு முழி என்று முடிவு கட்டிய கண்கள் இவை. தன்னோடு பேசாத மனிதரின் தோட்டத்துக்காகப் பனியில் சுவர் ஏறியவர்! "ஏன் டாக்டர், உங்க மேல இவ்வளவு கோபமா இருக்கிறவருக்காகவா?" என்று கேட்டே விட்டார்.

"இவருக்காக யார் பண்ணினா?" டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இப்படி ஒரு பூவை நான் என் ஜென்மத்துல பார்த்ததில்ல. பண்ணினவர் வாய் எப்படி இருந்தா என்ன? அது சாகக் கூடாது, அவ்வளவுதான்."

டிரைவர் ஊன்றுகோலைக் கீழே போட்டார். செடியருகில் போய்க் குனியப் பார்த்தார்; கால் மடங்கவில்லை. சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல், கைகளை ஊன்றி ஈர மண்ணில் அப்படியே குப்புறப் படுத்தார். மனைவி பதறி ஓடி வர, அத்தை கையமர்த்தினார்.

முட்களை ஒவ்வொன்றாக ஒதுக்கி அந்தப் பெரிய மனிதர் தலையை உள்ளே நீட்டினார். பச்சை நாடாவின் நடுவே நெல்மணி அளவுக்கு ஒரு செம்முளை புடைத்துக்கொண்டு நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"கட்டு கொஞ்சம் இறுக்கம்" என்றது செடிக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல்.

"இறுக்கம் எல்லாம் இல்ல. வளர வளர அது தானா விட்டுக் கொடுக்கும்" என்றார் டாக்டர், கதவைத் தாண்டி உள்ளே வந்தபடி.

பிறகு டிரைவர் தலையைத் திருப்பாமலே, மண் அப்பிய ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"டாக்டர், என்னைக் கொஞ்சம் தூக்கி விடுங்க."